நேர்ப்பதிவு என்னும் மயக்கம்

ஆப்பிரிக்கக் கானகங்களைக் காணப் புறப்படுகிறவர்கள் பிரயாண ஏற்பாட்டாளர் ஒருவரை நாடுவது வீண் செலவு என்றும், விமானத்தையும் விடுதியையும் வண்டியையும் தாமே கைபேசியில் பதிவு செய்துகொள்வதே விவேகம் என்றும், நடுவில் நிற்பவருக்குப் போய்ச்சேரும் ஒவ்வொரு ரூபாயும் தெண்டம் என்றும் ஓர் அபிப்பிராயம் இன்று படித்தவர் நடுவே ஏறக்குறைய ஏகமனதாக நிலைபெற்றுவிட்டது. காரைக்காலை அடுத்த எங்கள் தலத்தெருவும் இதற்கு விலக்கன்று. பாரிஸிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினரை உடைய குடும்பங்கள் பல வாழும் இந்தப் பகுதியில், பணி ஓய்வு பெற்றதை ஒட்டியோ, பிள்ளைகளின் படிப்பு முடிந்ததை ஒட்டியோ கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் ஒருமுறை போய்வர ஆசைப்படுவோர் இப்போது உண்டு. அவர்கள் காதில் முதலில் விழும் உபதேசம், "ஏஜெண்டு கிட்ட மட்டும் போயிடாதீங்க, அண்ணே" என்பதுதான். இவ்வுபதேசத்தைச் சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், கிழக்காப்பிரிக்க சஃபாரியைப் பொறுத்தவரையில் இது கணக்கிலும் பிழையானது, நியாயத்திலும் பிழையானது என்பதே என் துணிபு.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடும் எடுத்துரைப்பது கடமை. அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று. ஏற்பாட்டாளர் தம் இலாபத்தை விலையில் ஏற்றுகிறார். ஆகவே அவரை விலக்கினால் அந்தத் தொகை மிச்சமாகும் என்பது முதலாவது. ஏற்பாட்டாளர் வகுத்த நிரலுக்குக் கட்டுப்பட்டுப் பிரயாணம் செய்கிறவனுக்குச் சுதந்திரம் இல்லை; தானே திட்டமிடுகிறவன் விரும்பிய இடத்தில் தங்கலாம், விரும்பியபோது புறப்படலாம் என்பது இரண்டாவது. தரகு என்னும் தொழிலே ஏமாற்றுக்கு இடங்கொடுப்பது. கண்காணாத ஒருவரிடம் லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பேதைமை என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதே இந்தக் கடற்கரை மக்களின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது என்பதால், அதனையே முதலில் ஆராய்கிறேன்.

இடைத்தரகரை அஞ்சுவதற்குக் காரைக்காலுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த இந்தத் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆயிரமாயிரம் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். ஆப்பிரிக்காவை அடுத்த ரீயூனியன் தீவுக்கும், அட்லாண்டிக்கைக் கடந்து மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் அவர்கள் சென்றார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் 1861-இல் செய்துகொண்ட உடன்படிக்கை இந்த ஏற்றுமதிக்குச் சட்ட வடிவம் தந்தது. ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்த மேஸ்திரிகள் சொன்னது ஒன்று, தோட்டத்தில் கண்டது வேறொன்று. ஆயினும் அந்த அநீதி எவ்வாறு ஒழிந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். கூலிகள் மேஸ்திரியை விலக்கிவிட்டுத் தாமே நேரே தோட்ட முதலாளியிடம் ஒப்பந்தம் செய்துகொண்டதனால் அது ஒழியவில்லை. புகார்கள் குவிந்து, விசாரணை நடந்து, 1882-இல் இந்திய அரசாங்கம் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவைத்ததனால் ஒழிந்தது. மேஸ்திரியின் குற்றம் அவன் நடுவில் நின்றது அன்று. கப்பல் புறப்பட்ட பிறகு அவன் எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவனாக இருந்ததே குற்றம். இந்தச் சரித்திரம் நமக்குக் கற்பிப்பது, தூரதேசப் பிரயாணத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்பதுதான். நேர்ப்பதிவை உபதேசிப்பவர்களோ, பதில் சொல்லாத மேஸ்திரியை ஒழிப்பதாக எண்ணிக்கொண்டு, பதில் சொல்ல வேண்டியவனையே ஒழித்துவிடுகிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் படகு வந்தவுடனே போய் வாங்கினால் மீன் மலிவு, சந்தையில் வாங்கினால் விலை அதிகம் அல்லவா, சஃபாரியும் அப்படித்தானே என்று கேட்கிறார்கள். கரையில் மீன் வாங்குகிறவன் செவுளைத் திறந்து பார்க்கிறான், கையில் தூக்கிப் பார்க்கிறான், பிடிக்காவிட்டால் அடுத்த படகுக்குப் போகிறான். சஃபாரியோ ஆறு மாதத்துக்கு முன்பே, ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து, படத்தை மட்டும் பார்த்து, முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கப்படும் சரக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தகாது.

சஃபாரியின் விலையில் எந்தப் பகுதி எவரிடம் போகிறது என்று பிரித்துப் பார்த்தால், மிச்சப்படுத்தக்கூடியது என்று நினைத்த தொகை கண்முன்னே சுருங்கிப்போகும். கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டவரான பெரியவர் ஒருவர் செலுத்த வேண்டிய கட்டணத்தை நரோக் மாவட்ட அரசு 2024 முதல், ஜனவரி தொடங்கி ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர் என்றும், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை 200 டாலர் என்றும் வகுத்தது. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து, வில்டபீஸ்ட் எனப்படும் காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் மாரா ஆற்றைக் கடந்துவரும் காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. நம்மவர் போக விரும்புவதும் அப்போதுதான். நான்கு பெரியவர்கள் மூன்று நாள் உள்ளே சுற்றினால் நுழைவுக் கட்டணம் மட்டும் 2,400 டாலர். நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இந்தத் தொகையில் ஏற்பாட்டாளருக்கு ஒரு காசும் இல்லை. நேரே போகிறவருக்கு ஒரு காசும் தள்ளுபடியும் இல்லை. விமானக் கட்டணத்தின் கதையும் பெரும்பாலும் இதுவே.

எஞ்சியிருப்பவை விடுதியும் வண்டியும். கிழக்காப்பிரிக்காவின் முகாம்களும் விடுதிகளும், ஆண்டு முழுதும் விருந்தினரை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டாளருக்கென்று பொது விலையினின்றும் குறைத்த ஒப்பந்த விலை ஒன்றை வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். ஏற்பாட்டாளரின் ஊதியம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்திலிருந்து வருகிறதேயன்றி, பிரயாணியின் தலைமேல் புதிதாக ஏற்றப்படுவதன்று. நேரே பதிவு செய்கிறவர் பொது விலையைக் கொடுக்கிறார். தம்மை மிச்சப்படுத்தியவராகக் கருதிக்கொள்கிறார். வண்டியோ இன்னும் தெளிவான விஷயம். நைரோபியிலிருந்து மாராவுக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஓட்டுநரோடும் எரிபொருளோடும் நாட்கணக்கில் அமர்த்தும் லேண்ட் குரூஸரைத் தனிக் குடும்பம் ஒன்று ஒரே முறைக்காகப் பேரம் பேசுவதற்கும், பருவம் முழுவதும் பத்து வண்டிகளை ஓட்டுகிறவர் அனுப்புவதற்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது. இந்திய ஏற்பாட்டாளரிடம் வாங்கும்போது சரக்கு-சேவை வரி ஐந்து சதவீதம் சேர்கிறது என்பது மெய். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கென்று முன்கூட்டிப் பிடிக்கப்படும் வருமான வரியையும் அதோடு கூட்டிக்கொண்டு ஓலமிடுவது முறையன்று; அது கணக்குத் தாக்கல் செய்கையில் ஈடுகட்டிக்கொள்ளத்தக்க தொகையே தவிர இழப்பன்று.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. நேர்ப்பதிவு என்று நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது உண்மையில் நேரானதே அன்று. விடுதி அறையை விற்கும் பெருந்தளங்கள் விடுதியிடம் தரகு பெறுகின்றன; விமானச் சீட்டை விற்கும் தளமும் அவ்வாறே; பணத்தை வாங்கிக் கைமாற்றும் நிறுவனம் மற்றோர் இடைத்தரகர். ஒரு மனிதரை விலக்கிவிட்டு, முகமற்ற பலரை நடுவில் வைத்துக்கொண்டதுதான் கண்ட பலன். அரசாங்கத்தின் பெயரால் நடக்கும் பதிவுகூட இதற்கு விலக்கல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சியம் உண்டு. மகாராஷ்டிரத்தின் தாடோபா புலிகள் காப்பகத்தில் சஃபாரிச் சீட்டுகளை இணையவழி விற்கும் பணி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மக்கள் நேரே காப்பகத்திடம் வாங்குவதாகவே எண்ணியிருந்தார்கள். வசூலித்த பணத்தில் 12 கோடி ரூபாய்க்கு மேல் காப்பகத்தின் நிதிக்கு வந்து சேரவில்லை என்ற புகாரின் பேரில் 2023-இல் காவல் துறையில் வழக்குப் பதிவானபோதுதான், அந்த நேர்வழியின் நடுவிலும் ஒரு முகவர் இருந்தது ஊரறிய வெளிப்பட்டது. இடைத்தரகரே இல்லாத பிரயாணம் என்று ஒன்று இக்காலத்தில் இல்லை. அவர் வெளிப்படையாக நின்று பொறுப்பேற்கிறாரா, மறைவாக நின்று தரகை மட்டும் எடுத்துக்கொள்கிறாரா என்பதே வித்தியாசம்.

இரண்டாவது காரணமாகிய சுதந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிலப்படத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்க்கலாம் என்று வீட்டிலிருந்தே திட்டம் வகுப்பவர் பலர். அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைப் பாதை 1977 முதல் சுற்றுலாப் பிரயாணிகளுக்கு மூடப்பட்டுக் கிடக்கிறது என்பதையும், நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு வேறு சாவடி வழியே போய், அங்கே வண்டியும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விடுதித் தளம் எதுவும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. மாராவின் நுழைவுச் சீட்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை மட்டுமே செல்லும். வெளியேறும் நாளில் நேரங்கழித்துப் புறப்பட்டால் இன்னொரு நாள் கட்டணம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோ மட்டுமே அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய மென்பையில். சக்கரம் வைத்த பெரும்பெட்டிகளோடு போய் நிற்கும் குடும்பம் அங்கே கலங்கி நிற்கும். கென்யா 2017 ஆகஸ்டிலேயே நெகிழிப் பைகளைத் தடை செய்துவிட்டது. பாலிதீன் பையில் முறுக்கும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு இறங்குவது குற்றம். கென்யாவுக்குப் போய்த் திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அது செல்லும். சான்றிதழ் இல்லாதவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இடமுண்டு. புறப்படும் வாரத்தில் இதைக் கேள்விப்பட்டு, ஊசிக்காகக் காரைக்காலிலிருந்து சென்னை கிண்டிக்கு ஓடி என்ன பயன்? கிளிமஞ்சாரோ மலையில் ஏறவோ, பதிவு பெற்ற வழிகாட்டியின்றி அனுமதியே கிடையாது. அறியாமையோடு கூடிய தனிப்போக்கு சுதந்திரம் ஆகாது. விதிகளை அறிந்தவர் ஒருவர் முன்னின்று வழி செய்தால்தான் பிரயாணி தன் மனத்தை விலங்கின்மேல் செலுத்தும் சுதந்திரம் பெறுகிறான்.

சஃபாரியின் சாரமே அந்த மனத்தில்தான் இருக்கிறது. கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகளில் சான்று வழங்குகிறது. தங்கப் படியை எட்டியவர்கள் மிகச் சிலர். இத்தகைய வழிகாட்டி ஒருவர், மான் கூட்டம் ஒரே திசையை நோக்கித் தலை தூக்கி நிற்பதைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காற்று வீசும் பக்கத்தைக் கணித்து, புல்லுக்குள் பதுங்கியிருக்கும் சிவிங்கிப்புலியைச் சுட்டிக்காட்டுவார். ஆற்றங்கரையில் காட்டுமாடுகள் இறங்கத் தயங்கி நிற்கையில், வண்டியை முன்னால் கொண்டுபோய் அவற்றின் வழியை மறிக்காமல் மணிக்கணக்கில் பொறுத்திருப்பார். அவரைத் தேர்ந்தெடுப்பதும், தக்க ஊதியம் கொடுத்து நிலைநிறுத்திக்கொள்வதும் ஏற்பாட்டாளரின் வேலை. விலை ஒன்றையே பார்த்து இணையத்தில் அமர்த்தப்படும் வண்டியோடு வருகிறவர், சஃபாரியில் பேர்பெற்ற ஐந்து பெரு விலங்குகளையும் ஒரே காலையில் காட்டிவிட்டு அடுத்த வாடிக்கைக்கு ஓட வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவராகவே பெரும்பாலும் அமைவார். நாம் மிச்சம் பிடித்த பணம் அவருடைய கூலியிலும் விலங்கின் அமைதியிலும் பிடித்த பணமாகும்.

அனைத்தையும்விடப் பெரிய சோதனை, காரியம் கெட்ட நாளில் வருவது. 2024 மே மாதத் தொடக்கத்தில் தாலெக் ஆறு கரையுடைத்து மாசாய் மாராவின் முகாம்களுக்குள் புகுந்தது. பத்துக்கு மேற்பட்ட விடுதிகள் வெள்ளத்தில் மூழ்க, பிரயாணிகளை ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்க நேர்ந்தது. அத்தகைய இரவில் விடுதியைத் தனியாகவும், வண்டியைத் தனியாகவும், உள்நாட்டு விமானத்தைத் தனியாகவும் பதிவு செய்தவருடைய நிலை என்ன? விடுதிக்காரர் அறைக்கு மட்டுமே பொறுப்பு என்பார். விமானக்காரர், வந்து ஏறாதவருக்குப் பணம் திரும்பாது என்பார். தளத்தை அழைத்தால் இயந்திரக் குரல் பதில் சொல்லும். முழுப் பிரயாணத்தையும் ஒருவரிடம் ஒப்படைத்தவருக்கோ, நைரோபியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு மற்ற முகாம்களில் உள்ளவரைத் தெரியும், ஒரு வண்டியைத் திருப்பிவிடத் தெரியும். 1957-இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் தம் விருந்தினரைச் சந்தாதாரராகச் சேர்த்துவைப்பது கென்ய ஏற்பாட்டாளர் பலரின் வழக்கம். நள்ளிரவில் நெஞ்சுவலி கண்ட முதியவரைக் காட்டிலிருந்து எடுத்துப்போகும் விமானத்துக்கு அச்சந்தாவின் மதிப்பு என்ன என்பதை அப்போதுதான் உணர முடியும்.

சட்டமும் இந்தப் பொறுப்பையே ஆதரிக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தான் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிட நுகர்வோருக்கு உரிமை தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையானால் முறையீட்டுக் கட்டணமும் கிடையாது. சென்னையிலோ திருச்சியிலோ உள்ள ஏற்பாட்டாளரிடம் முழுப் பிரயாணத்தையும் வாங்கியவர் இங்கிருந்தபடியே அவரை விசாரணைக்கு அழைக்கலாம். நரோக்கிலுள்ள முகாம் ஒன்றுக்கு நேரே டாலர் அனுப்பியவர் எந்த ஆணையின் பலத்தால் அவர்களை இழுத்துவருவார்? பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸில் வாழும் நம் உறவினர் இதை நன்கறிவர். அங்கே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்வந்த சுற்றுலாச் சட்டத் தொகுப்பும், பிரயாணத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் வேறு எவர் நடத்தினாலும், விற்ற முகவரே முழுப் பொறுப்பாளி என்று விதித்திருக்கின்றன.

ஏற்பாட்டாளரே திவாலாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 1841-இல் தொடங்கிய தாமஸ் குக் நிறுவனம் 2019 செப்டம்பரில் பிரிட்டனில் வீழ்ந்தது. உலகின் பல பாகங்களில் சிக்கிய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை அந்நாட்டு விமானத் துறை ஆணையம் விமானங்களை அமர்த்தித் தாயகம் சேர்த்தது. ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொரு பிரயாணியின் பேரிலும் செலுத்திவந்த சிறு தொகையால் அமைந்த பாதுகாப்பு நிதியம் இதற்குப் பெருந்துணையாயிற்று. புறப்படாதவர்களும் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் அத்தகைய நிதியம் சட்டத்தால் அமைக்கப்படவில்லை என்பது பெருங்குறை. அக்குறையை நீக்கும்படி அரசாங்கத்தை வற்புறுத்துவதே அறிவுடைமை. அதைக் காரணமாக்கிக்கொண்டு ஒவ்வொருவரும் பாதுகாப்பே அற்ற பாதையில் இறங்குவது, மருத்துவமனையில் குறையிருக்கிறதென்று மருத்துவத்தையே துறப்பதாகும்.

நேரே பதிவு செய்வது தக்கதாக உள்ள இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் தார்ச்சாலைகள் இருக்கின்றன. முகாம்களை அரசு அமைப்பே நடத்திப் பதிவையும் ஏற்கிறது. சொந்தமாக வண்டி ஓட்டிச் சுற்றுவதற்கென்றே அது ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. நம் முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வண்டியிலேயே உள்ளே போகலாம். அதற்கு முகவரை நாடுவது வீண். இவ்விடங்களில் எல்லாம் அரசு அமைப்பே முன்வந்து ஏற்பாட்டாளரின் பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுப்பேற்க ஒருவர் இருக்குமிடத்தில் இன்னொருவர் தேவையில்லை. எவரும் இல்லாத இடத்தில் ஒருவர் தேவை.

ஏற்பாட்டாளர் எல்லாரும் உத்தமர் என்று சொல்லவும் நான் வரவில்லை. சனிப்பெயர்ச்சிக் காலத்தில் திருநள்ளாற்றுத் தெருக்களில் வெளியூர் யாத்திரிகரை வழிமறித்து விலை பேசுவோரைக் கண்டு வளர்ந்த நமக்கு, தரகரின் நாவன்மையை எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆதலால் சோதித்துத் தேர்ந்தெடுப்பது கடமை. கென்யாவில் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமமும், தான்சானியாவில் சுற்றுலா உரிமமும் உண்டா என்று கேட்க வேண்டும். பூங்காக் கட்டணம் விலையில் அடக்கமா, வண்டி லேண்ட் குரூஸரா அல்லது கூரை உயர்த்தும் சிறுவேனா, அதை வேறு குடும்பத்தோடு பகிர வேண்டுமா, முகாம் காப்பகத்தின் உள்ளே இருக்கிறதா வாயிலுக்கு வெளியே இருக்கிறதா, ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். பணத்தைத் தனிநபரின் கணக்குக்கு அன்றி நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்ப வேண்டும். இவற்றுக்கு நேரே பதில் சொல்லாதவரை, அவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், விட்டு விலக வேண்டும்.

ஆயுளில் ஒருமுறை செய்யும் பிரயாணத்துக்கு மலிவு ஒன்றே அளவுகோல் ஆகாது. கூலிக்குக் கப்பலேறிய நம் முன்னோருக்குத் தம் பிரயாணத்தின் விதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. இன்று விருந்தினராக ஆப்பிரிக்க மண்ணில் இறங்கப் போகும் நமக்கு அது இருக்கிறது. உரிமம் உடையவரிடம், எழுத்தில் ஒப்பந்தம் செய்து, முழுப் பொறுப்பையும் அவர் தலையில் சுமத்தி, அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுத்துப் போய்வருவதே அவ்வுரிமையை முறையாகப் பயன்படுத்துவது. அடுத்தமுறை எவரேனும் ஏஜெண்டு வேண்டாம் என்று உபதேசிக்க வந்தால், நட்டாற்றில் நிற்கும் நாளில் எவரைக் கேட்பது என்ற ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அவர் வழியில் போங்கள், இல்லையேல் பதில் சொல்லக் கடமைப்பட்டவரைத் தேடிக்கொண்டு புறப்படுங்கள்.